கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தை இடித்துக் கட்டலாமா?

வாசகர் கேள்வி, 2024 ஆகஸ்ட் 11

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் மகனைப் பார்க்க நெதர்லாந்து போனபோது ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். பழைய கட்டடத்தின் உள்பக்கத்தை இடித்துவிட்டுப் புத்தம் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக் கூரை, நல்ல வெளிச்சம், விசாலமான கூடம். வேலூர்க் கோட்டைக்குள் நம் அரசு அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்தையும் இப்படி இடித்துவிட்டு, மூன்று மாடியில் குளிர்சாதன வசதியோடு கட்டினால் என்ன? வட ஆற்காட்டு நடுகற்களுக்கும் சிற்பங்களுக்கும் தாராளமாக இடம் கிடைக்குமே. பழையது, பழையது என்று கட்டிக்கொண்டு அழுவதில் என்ன லாபம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2024 ஆகஸ்ட் 11, இரவு

இடித்தார்கள் என்று யார் சொன்னது? உங்கள் மகனா, வாசலில் கொடுத்த துண்டுத்தாளா?

ரைக்ஸ் கட்டடத்தைப் பியர் கைப்பர்ஸ் என்பவர் வடிவமைத்தார். 1885இல் திறந்தார்கள். அன்றைக்கு எழுப்பிய செங்கல் சுவர்தான் இன்றும் நிற்கிறது. உள்ளே இரண்டு பெரிய முற்றங்கள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டில் இடம் போதவில்லை, போதவில்லை என்று அந்த முற்றங்களுக்குள்ளேயே அறைக்குமேல் அறையாகக் கட்டி அடைத்தார்கள். வெளிச்சம் போயிற்று. உள்ளே போனவருக்கு வெளியே வர வழி தெரியாமலும் போயிற்று. செவில் நகரத்திலிருந்து வந்த க்ரூஸ், ஓர்ட்டிஸ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் முக்கியமாகச் செய்தது, பின்னால் வந்தவர்கள் செருகியதைப் பெயர்த்தெடுத்து முற்றங்களை மீட்டதுதான். நீங்கள் அண்ணாந்து பார்த்தது பழைய முற்றம், ஐயா. மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கே 2003 டிசம்பரில் மூடினார்கள். 2008இல் திறப்பதாகத் திட்டம். திறந்தது 2013 ஏப்ரலில். செலவு 37.5 கோடி யூரோ. மூன்று மாடிக்காரர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளவும்.

2024 ஆகஸ்ட் 12

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்ட தோட்டப்பாளையம் தம்பிக்கு. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை 2010இல் திருத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதிய கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதி வாங்கிக் கட்டலாம். பழுதுபார்ப்பதும் புதுப்பிப்பதும் வேறு கணக்கு. அதற்கு வழி உண்டு, மனு உண்டு, காத்திருப்பும் உண்டு.

அகழிக்கு வெளியே வீடு வைத்திருப்பவர்களே மொட்டை மாடியில் ஓர் அறை எடுக்கப் படாத பாடு படுகிறார்கள். அகழிக்கு உள்ளே மூன்று மாடியாம்.

2024 ஆகஸ்ட் 18

'சட்டத்தைக் காட்டி வாயடைக்காதீர்கள், உங்கள் அனுபவம் என்ன?' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி.

கட்டட வேலை மேற்பார்வைதான் என் பிழைப்பு. ஆனால் இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் நடத்தியது சைதாப்பேட்டையில் இருக்கும் பெரியப்பா வீடு. வேலூர்ச் சைதாப்பேட்டை, சென்னைக்காரர்கள் குழம்ப வேண்டாம். திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மேலே மெட்ராஸ் டெரஸ். இளையவர்களுக்கு மெட்ராஸ் டெரஸ் தெரியாது என்பதால் சொல்கிறேன். தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் இதற்கென்றே சுட்ட சிறிய செங்கல்லைக் குறுக்குச் சாய்வாகச் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்தி அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லத் தண்ணீரையும் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். ஒழுங்காகச் செய்த தளம் நூறு ஆண்டு தாங்கும்.

பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் பெருகினார்கள். முதலில் முற்றத்துக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் தகடு வந்தது. பிறகு முற்றத்துக்குள் ஓர் அறை, அப்புறம் அதற்குள் ஒரு தடுப்பு. புகை போக வழியில்லை. சுவரில் உப்புப் பூத்தது. மழையில் கூரை லேசாகக் கசிந்தபோது ஓர் ஒப்பந்ததாரர் வந்து, 'இந்தக் காலத்தில் யார் சார் சுண்ணாம்பு போடுகிறார்கள்' என்று சொல்லி, நான்கு விரல் கனத்துக்குச் சிமென்ட் கான்கிரீட்டை மேலே கொட்டிவிட்டுப் போனார். பாரம் கூடியது. அதைவிட மோசம், சுண்ணாம்புத் தளத்துக்குள் நுழைந்த ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே நின்றது. நின்ற ஈரம் தேடிப் போனது உத்தரத்தின் முனையை, அதாவது சுவருக்குள் புதைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத முனையை. ஒரு மார்கழி விடியலில் கூடத்தில் ஓர் உத்தரம் இறங்கியது. நல்ல வேளை, கீழே யாரும் படுத்திருக்கவில்லை.

எல்லோரும் இடிப்போம் என்றார்கள். நான் தகட்டைப் பிரிக்கச் சொன்னேன். முற்றத்து அறையைப் பெயர்த்தோம், சிமென்ட்டைக் கொத்தியெடுத்தோம். பார்த்தால், அழுகியிருந்தவை ஓரத்து உத்தரங்கள் மட்டும். மற்றவை தட்டினால் கணீர் என்றன. ஆரணிப் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு முதிய கொத்தனார் வந்தார். வேலை முடிந்த பிறகு முற்றத்தில் வெயில் விழுந்தது. பெரியப்பாவின் மருமகள் மட்டும் 'ஓர் அறை போய்விட்டது' என்று இன்றைக்கும் சொல்கிறார். கணக்குப்படி அவர் சொல்வது சரி. அதைப் பிறகு பேசுவோம்.

பழைய கட்டடத்தை விரிவுபடுத்த வேண்டுமானால் முதலில் கூரைக்கு ஏறுங்கள். அடுத்து, பின்னால் வந்தவர்கள் செருகியதைப் பெயருங்கள். அதற்கப்புறம் இடம் போதவில்லை என்றால் புதிதாகக் கட்டுவது பற்றிப் பேசுங்கள். இந்த வரிசையைத்தான் சொல்ல வந்தேன்.

2024 செப்டம்பர் 1

லண்டனிலிருந்து சில நாட்களுக்கு முன் வந்த செய்தியைப் பார்த்தீர்களா? எனக்காகவே வந்ததுபோல் இருந்தது.

நேஷனல் கேலரிக்கு 1991இல் ஒரு புதுப் பகுதி சேர்த்தார்கள். நிதி கொடுத்தது செயின்ஸ்பரி சகோதரர்கள். வடிவமைத்தது வென்ச்சூரியும் ஸ்காட் பிரவுனும். முகப்புக் கூடத்தில் எந்தப் பாரத்தையும் தாங்காத பொய்த் தூண்களை நிறுத்தினார்கள். நிதி கொடுத்தவர்களில் ஒருவரான ஜான் செயின்ஸ்பரிக்கு அவை பிடிக்கவே இல்லை. கட்டடக் கலைஞரோ விடவில்லை. செயின்ஸ்பரி என்ன செய்தார் தெரியுமா? 1990இல் ஒரு கடிதம் எழுதி, கட்டிக்கொண்டிருந்த தூணுக்குள்ளேயே போட்டுவிட்டார். இதைக் கண்டெடுப்பவர் தூணை இடித்துக்கொண்டிருப்பார் என்றும், தேவையில்லாத தூண்களை ஒழிக்க உங்கள் தலைமுறை முடிவெடுத்ததில் தமக்குப் பெரும் மகிழ்ச்சி என்றும் அதில் எழுதியிருந்தார். 2023இல் புதுப்பிக்கும் வேலையில் தூணை உடைத்தபோது கடிதம் கிடைத்தது. அவர் 2022இலேயே இறந்துவிட்டார்.

2024 செப்டம்பர் 2

'நிதி கொடுத்தவர் பேச்சையே கேட்கவில்லையா?' என்று வாலாஜா அண்ணன் கேட்கிறார். நம் பக்கம் திருப்பணிக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தவர் வெளிச்சம் வராத அளவுக்கு அதன்மேல் பெயர் எழுதுகிறார். அவருக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்ட வேண்டும்.

2024 செப்டம்பர் 15

கண்ணாடிக் கூரைமேல் பலருக்கும் மோகம் இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தின் படத்தைப் போட்டு 'இதுபோல' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதுவும் நான் சொன்ன வரிசைதான். நடுவில் இருந்த வட்ட வாசகசாலையைச் சுற்றியிருந்த முற்றம் முழுக்கப் புத்தக அடுக்குகளாகக் கிடந்தது. நூலகம் வேறு கட்டடத்துக்குப் போனபிறகு அடுக்குகளை அகற்றி, நார்மன் ஃபாஸ்டர் குழுவினர் மேலே கண்ணாடி போட்டு 2000 டிசம்பரில் திறந்தார்கள்.

அங்கே நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். முற்றத்தின் தெற்கு முகப்பைத் திரும்ப எழுப்பப் போர்ட்லண்ட் கல் வேண்டும் என்பது ஒப்பந்தம். வந்து சேர்ந்தது பிரான்ஸ் நாட்டுச் சுண்ணாம்புக் கல். சுற்றிலும் பழுப்பேறிய சுவர், நடுவில் பளீரென்று ஒரு முகப்பு. பத்திரிகைகள் பிய்த்து எடுத்தன. ஆனால் கல்லை மாற்றவில்லை. இத்தனை பொறியாளர்களும் கண்காணிப்பாளர்களும் இருக்கும் ஊரிலேயே லாரியில் வந்த கல்லை யாரும் நேரத்தில் சரிபார்க்கவில்லை என்றால், நம் ஊரில் 'பழைய மாதிரியே' என்று ஒப்பந்தத்தில் எழுதுவதற்கு என்ன மதிப்பு? கல் எந்தக் குவாரியிலிருந்து, சுண்ணாம்பு எந்தச் சூளையிலிருந்து, மணல் எந்தச் சல்லடையில் என்று எழுத வேண்டும்.

கண்ணாடிக்கு வருகிறேன். வேலூர் வெயில் சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும். ஆம்ஸ்டர்டாமில் சூரியனை வரவேற்பார்கள். இங்கே நாம் பந்தல் போடுகிறவர்கள். துணிக்கும் காகித ஓவியத்துக்கும் 50 லக்ஸ் வெளிச்சம், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ், இதுதான் அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வழக்கமான அளவு. கல்லுக்குக் கவலையில்லை. கண்ணாடிக் கூரை வேண்டுமென்றால் நடுகல்லுக்கு மேலே போடுங்கள். ஓலைச்சுவடிக்கு மேலே வேண்டாம்.

2024 செப்டம்பர் 16

ஏ.சி. பற்றி இரண்டு வரி. காலையில் போட்டு மாலையில் அணைக்கும் ஏ.சி.யைவிட ஏ.சி. இல்லாமலிருப்பது மேல். தினமும் குளிர்ந்து, தினமும் புழுங்கினால் மரம் விரிசல் விடும். வெண்கலத்தில் ஏற்கெனவே உப்பு ஏறியிருந்தால் ஈரக் காற்று பட்டதும் பச்சைப் பொடி பூக்கும். அதை வெண்கல நோய் என்றே சொல்கிறார்கள். மின்கட்டணத்தை இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் கட்டத் தயாராக இருந்தால் மட்டும் ஏ.சி. கேளுங்கள். கனமான சுண்ணாம்புச் சுவரும் உயரமான கூரையும் பாதி வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கின்றன.

2024 அக்டோபர் 6

எழும்பூரைப் பற்றி நான் ஏன் பேசவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். பேசினால் கோபம் வரும் என்பதால்தான்.

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் சிவந்த கல்லில் ஒரு கட்டடம் உண்டு. ஹென்றி இர்வின் வடிவமைத்தது, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. 1906இல் அடிக்கல், 1909இல் திறப்பு. சத்தியவேட்டிலிருந்து கல் வந்தது. அந்த ஊர் இப்போது ஆந்திரத்தில் இருக்கிறது. 1951இல் நேரு அதைத் தேசியக் கலைக்கூடமாகத் திறந்து வைத்தார். ரவி வர்மா ஓவியங்களை முதன்முதலில் நேரில் பார்த்தது எனக்கு அங்கேதான். காலண்டரில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவற்றின் அளவே அதிர்ச்சியாக இருந்தது. வெகுநாள் கழித்து வேலூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் கதவில் பூட்டு. கட்டடம் பலவீனமாகிவிட்டதென்று 2002இல் மூடியது, ஒரு தலைமுறையே அதன் உள்பக்கத்தைப் பார்க்காமல் வளர்ந்துவிட்டது.

ரைக்ஸும் மூடியதுதான். ஆனால் பத்து ஆண்டும் தெற்குப் பக்கத்துச் சிறகில் முக்கியமான ஓவியங்களை மாட்டி வைத்து, டிக்கெட் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' அங்கேதான் தொங்கியது. வேலை முடிந்து திரும்பியபோது, ஏறக்குறைய எல்லாப் படைப்புகளுக்கும் இடம் மாறியது. அந்த ஓவியம் மட்டும் கைப்பர்ஸ் அதற்கென்று கட்டிய பழைய கூடத்துக்கே போனது.

ஆகவே என் வரிசையில் ஒன்றைச் சேர்க்கிறேன். முழுவதும் மூடக் கூடாது. ஓர் அறையாவது திறந்திருக்க வேண்டும். பூட்டிய கட்டடத்தைப் பற்றிக் கேள்வி கேட்க ஆள் இருக்காது. பாதி திறந்திருந்தால் 'மீதி எப்போது?' என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையனாவது கேட்பான்.

2024 அக்டோபர் 20

பின்னால் செருகியதைப் பெயருங்கள் என்று ஆகஸ்டில் உரக்கச் சொல்லிவிட்டேன். குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா நறுக்கென்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: 'கோட்டையில் எது முதலில் வந்தது, எது செருகியது? யார் தீர்ப்புச் சொல்வது?'

இது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு உட்பட்ட நாயக்கர்கள் கட்டிய கோட்டை. பிறகு பீஜப்பூர், மராட்டியர், நவாபு, கடைசியில் ஆங்கிலேயர். மசூதி உண்டு, 1846இல் கட்டிய தேவாலயம் உண்டு. திப்புவின் குடும்பத்தைச் சிறை வைத்த மகால்கள் உண்டு. 1806 ஜூலை 10 விடியலில் சிப்பாய்கள் எழுந்ததும் இங்கேதான். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் இங்கே கைதியாக இருந்து 1832இல் இறந்தார். அவர் வைத்திருந்த தந்தச் சதுரங்கப் பலகையை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இவற்றில் எது செருகல்? நாயக்கர் காலத்துக்குத் திருப்புகிறேன் என்று ஒருவர் கடப்பாரையோடு கிளம்பினால் முக்கால்வாசி வரலாறு குப்பை லாரியில் போகும்.

ஜலகண்டேஸ்வரர் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் அதை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள். பிறகு நெடுங்காலம் லிங்கம் இல்லாமல் வெறும் சின்னமாக நின்றது. சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வெளியூர்க்காரர்கள் நம்மைக் கேலி செய்த காலம். 1981இல் ஊர்க்காரர்கள் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். தொல்லியல் துறையின் பார்வையில் அது செருகல். ஊரின் பார்வையில் திரும்பி வந்தது. நான் ஊர்ப்பக்கம்.

ஆக, எனக்கு இப்போது தோன்றுவது இவ்வளவுதான்: பிளைவுட் தடுப்பு, பொய்க்கூரை, ஆஸ்பெஸ்டாஸ், சிமென்ட் பூச்சு, சுவரைக் குடைந்து போட்ட ஒயர் குழாய், இவற்றைப் பெயர்க்க யாரையும் கேட்க வேண்டாம். கல்லையும் செங்கல்லையும் தொடும் எதையும் முதலில் படமெடுத்து, அளந்து, வரைந்து, ஓர் ஆண்டு மழையில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டுத் தொட வேண்டும்.

பெர்லினில் நொயெஸ் மியூசியம் என்று ஓர் அருங்காட்சியகம். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து, அதன்பிறகு பல பத்தாண்டுகள் இடிபாடாகக் கிடந்தது. டேவிட் சிப்பர்ஃபீல்ட் அதைச் சீரமைத்து 2009இல் திறந்தபோது காயங்களை மறைக்கவில்லை. குண்டுத் தழும்புள்ள சுவர் அப்படியே இருக்கிறது. இடிந்த இடத்தில் மட்டும் பழைய செங்கல்லால் எளிமையாக நிரப்பியிருக்கிறார்கள். முதலில் படத்தில் பார்த்தபோது வேலை முடியவில்லை என்றே நினைத்தேன். இப்போது அதுதான் நேர்மையான வழி என்று படுகிறது. குடியாத்தத்து அம்மாவுக்கு அந்தப் படங்களைப் பார்க்கச் சிபாரிசு செய்கிறேன்.

2024 அக்டோபர் 21

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வந்த கப்பல் கடலில் மூழ்கியது என்ற கதையை மூன்று பேர் தனித்தனியாக அனுப்பிவிட்டீர்கள். வேலூரில் பிறந்த யாருக்கும் அந்தக் கதை தெரியாமல் இருக்காது. போதும்.

2024 நவம்பர் 10

பெரியப்பாவின் மருமகள் கேட்ட கேள்வியைப் பிறகு பேசுவோம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? செருகலைப் பெயர்த்தால் சதுர அடி குறையும். அந்த அறையில் இருந்த அரிசி மூட்டையை எங்கே வைப்பது?

ரைக்ஸ் இதற்குச் சொன்ன பதில்: எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைக்காதே. பழுதுபார்க்கும் கூடத்துக்குத் தனிக் கட்டடம். ஆசியப் பொருட்களுக்குத் தோட்டத்தில் தனியாக ஒரு சிறிய மண்டபம். அதில் சோழர் காலத்து நடராசர் இருக்கிறார். ஊடுகதிர் வைத்துப் பார்த்ததில் உள்ளே கூடில்லாமல் முழுக்க வெண்கலமாகவே வார்த்தது என்று தெரிந்தது. காட்பாடி ஐயா அவரைப் பார்த்தீர்களா, கண்ணாடிக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்களா? காட்சிக்கு வைக்காத பொருட்களுக்கு ஆமர்ஸ்ஃபோர்ட் என்ற வேறோர் ஊரில் 2021இல் பெரிய கிடங்கு திறந்தார்கள். ரைக்ஸுக்கு மட்டும் இல்லை, வேறு அருங்காட்சியகங்களுக்கும் அரசின் மரபுத் துறைக்கும் சேர்த்துப் பொதுவான கிடங்கு.

இது நமக்கு அப்படியே பொருந்தும். வட ஆற்காடு 1989இல் இரண்டாயிற்று, திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் மிஞ்சியதும் மூன்றாகி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஆயிற்று. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று கேட்பார்கள், கேட்கட்டும். ஆனால் நான்குக்கும் சேர்த்து ஒரே நல்ல கிடங்கு, மேட்டு நிலத்தில், ஏரிக்கும் ஆற்றுக்கும் தள்ளி, லாரி நுழையும் அகலக் கதவோடு, ஒரே ரசாயனக் கூடத்தோடு. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு மேட்டு நிலம் என்று ஏன் சொல்கிறேன் என்பது புரியும். காட்பாடிக்கும் வாலாஜாவுக்கும் நடுவில் எங்காவது. இதை நான் கோட்டை வேலையைவிட அவசரமாகக் கருதுகிறேன். கிடங்கு இல்லாமல் கட்டடத்தைப் புதுப்பிக்கத் தொடங்கினால், பொருளை வராந்தாவில் தார்ப்பாய் போட்டு மூட வேண்டியிருக்கும்.

பொருளை நகர்த்துவதும் விளையாட்டில்லை. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருநூறாவது ஆண்டு விழாவுக்கான புதுப்பிக்கும் வேலையின்போது, 2013 இறுதியில், ராம்பூர்வா சிங்கத்தை இடம் மாற்றும்போது உடைத்தார்கள். மௌரியர் காலத்துக் கல். இரண்டாயிரம் ஆண்டு தாங்கியது ஒரு வர்ணப்பூச்சு வேலையைத் தாங்கவில்லை.

2024 நவம்பர் 11

செங்கம் பக்கத்து நண்பர் எழுதுகிறார்: எங்கள் ஊரில் நடுகல் வேடியப்பன். பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். விரிவாக்கம், கிடங்கு என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

அவர் பயம் நியாயம். பூசை நடக்கும் நடுகல் அங்கேயே இருக்கட்டும். சாலை போடும்போது புரட்டிப் போட்டது, கால்வாய்க்குக் கரை கட்டியது, துணி துவைக்கக் கவிழ்த்தது, இவைதான் அருங்காட்சியகத்துக்கு வர வேண்டியவை. மாடு கவர வந்தவர்களோடு பொருது விழுந்தவனுடைய கல்லின்மேல் சோப்புத் தேய்ப்பதைவிட வட்டெழுத்தோடு அவனைக் கூரைக்குக் கீழே நிறுத்துவது மேல்.

2024 டிசம்பர் 3

ஃபெஞ்சல் மழை நின்ற மறுநாள் சைதாப்பேட்டை வீட்டு மாடிக்கு ஏறினேன். சுண்ணாம்புத் தளம் ஈரமாக இருந்தது, கீழே சொட்டவில்லை. நீர் வடியும் தூம்புவாயை அரச மரக் கன்று ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. கூரை ஒழுகுகிறது என்ற புகார்களில் பெரும்பாதி தூம்புவாய்ப் புகார். அரசக் கன்றை மேலே கிள்ளினால் போதாது. வேரோடு எடுக்காவிட்டால் அடுத்த ஆடியில் இரட்டிப்பாக வரும். எந்தப் பழைய கட்டடத்துக்கும் புரட்டாசியில் ஓர் ஆளும் ஓர் ஏணியும் ஒரு துடைப்பமும் கொடுத்தால் போதும், ஐப்பசி மழைக்குப் பயப்பட வேண்டாம். இதற்கு டெண்டர் விட முடியாது என்பதுதான் சிக்கல். மிகச் சிறிய தொகை.

2025 ஜனவரி 19

இழை எங்கோ போய்விட்டது. ஆம்ஸ்டர்டாம் கட்டடத்தின் நடுவில் சைக்கிள் போகிறதாமே, உண்மையா என்று ஒருவர் கேட்கிறார். உண்மைதான். கட்டடத்தின் வயிற்றுக்குள் புகுந்து போகும் பொதுவழி அது. புதிய வாசலை அங்கே வைக்கக் கட்டடக் கலைஞர்கள் திட்டம் போட்டபோது, சைக்கிள்காரர்களின் சங்கம் பாதை குறுகும் என்று எதிர்த்தது. திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. 2013இல் திறந்த பிறகும் சைக்கிள் விடுவதா வேண்டாமா என்று சண்டை. சைக்கிள் வென்றது.

எனக்கு இதில் பிடித்தது சண்டை போட்டவர்கள் யாருமே ஓவியம் பார்க்க வந்தவர்கள் அல்லர் என்பது. நம் கோட்டைக்குத் தினமும் காலையில் நடக்க வருகிறவர்கள், பரீட்சைக்குப் படிக்க மரத்தடிக்கு வருகிற பிள்ளைகள், சி.எம்.சி.யில் நோயாளியைச் சேர்த்துவிட்டு மாலையில் கொஞ்சம் காற்று வாங்க வரும் வங்காளத்துக் குடும்பங்கள், இவர்களைக் கேட்காமல் போடும் எந்தத் திட்டமும் பாதியில் நிற்கும். அந்த வங்காளத்துக் குடும்பங்களுக்காகப் பெயர்ப்பலகையில் வங்காள மொழியிலும் இரண்டு வரி எழுதலாமே. இதற்குச் சுண்ணாம்பும் வேண்டாம், சட்டமும் தடுக்காது.

2025 பிப்ரவரி 9

காட்பாடி ஐயா திரும்பி வந்திருக்கிறார். 'இடிக்க வேண்டாம் என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் என் மனைவிக்கு முழங்கால் வலி. உங்கள் அழகான பழைய படிக்கட்டை அவள் எப்படி ஏறுவாள்? கழிப்பறை எங்கே?' என்கிறார்.

இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. சாய்தளம் போடலாம், சுவரைத் தொடாமல், ஆணி அடிக்காமல், இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, வேண்டாமென்றால் கழற்றி எடுக்கும்படி. கழிப்பறை கொஞ்சம் கடினம். பழைய சுவருக்குள் தண்ணீர்க் குழாய் போகக் கூடாது. ஒரு குழாய் கசிந்தால் உப்பு கிளம்பிவிடும். கோட்டைக்குள் ஏற்கெனவே இருக்கும் அலுவலகக் கட்டடங்களில் ஒன்றைக் காலி செய்து, கழிப்பறை, பை வைக்கும் இடம், பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் இடம் எல்லாவற்றையும் அங்கே வைத்துவிடலாம். புதுக் கட்டடம் இல்லை, பழுதுபார்ப்புதான். மனுப் போட வழி இருக்கிறது. எந்த அலுவலகம் முதலில் கிளம்பும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சொல்வது உத்தரம் மாற்றுவதைவிடக் கஷ்டம்.

2025 பிப்ரவரி 10

ஆரணிக் கொத்தனாரின் தொலைபேசி எண்ணைப் பலர் கேட்கிறீர்கள். அவருக்கு வயதாகிவிட்டது, இங்கே போட மாட்டேன். மகனுக்கும் சுண்ணாம்பு அரைக்கத் தெரியும், ஆனால் டைல்ஸ் வேலைக்குப் போய்விட்டான். கூலி அதில்தான் அதிகம். சுண்ணாம்பு வேலைக்கு டைல்ஸ் கூலியைவிட நூறு ரூபாய் கூடத் தர யாராவது தயாரா? தயாராக இருப்பவர்கள் இங்கே எழுதுங்கள், அவனிடம் பேசிப் பார்க்கிறேன்.